வர்ஜீனியா இலை: ராமநாதபுரக் கடலோரத்தில் பார்த்து வாங்கி, பதமாக்கி, பாளம் கட்டி, பைப்பில் வைக்க முழு வழிகாட்டி

பைப் புகையிலையில் வர்ஜீனியா இலைக்கு வந்த நல்ல பெயர், கெட்ட பெயர் இரண்டுக்கும் காரணம் அதிலுள்ள சர்க்கரை. இனிப்பு, வைக்கோல் மணம், எலுமிச்சைத் தோல் வாசனை, ஆண்டுக்கணக்கில் மூடி வைத்தால் ஏறும் உலர்திராட்சைச் சுவை எல்லாம் அதன் கொடை. நாக்கு எரிவதும், பைப் அடியில் சாறு கட்டுவதும், ஜாடியில் பூஞ்சை பிடிப்பதும் அதன் வேலைதான். சர்க்கரை நீரை இழுக்கும். தொண்டி தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை வருடத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கிற ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

வெளிநாட்டு டின்னோடு வரும் குறிப்பில் “பிடிக்கும் முன் ஒரு மணி நேரம் திறந்து வைத்து உலர விடவும்” என்று போட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் அப்படிச் செய்தால் புகையிலை உலராது, இன்னும் நனையும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய வழிமுறையை இந்தக் கரையில் பாதிக்குப் பாதி திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதலிலேயே ஒன்று. பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் அது வழி செய்கிறது. நிக்கோட்டின் பழக்கத்தில் சிக்க வைக்கிறது. பழக்கம் இல்லாதவர் தொடங்கத் தேவையில்லை. கீழே உள்ளது ஏற்கெனவே இலையைக் கையாளும் பெரியவர்களுக்கு. வீட்டில் செய்ததை விற்பது வேறு விவகாரம்: 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், எச்சரிக்கைப் படம், வரி என்று எல்லாம் வரும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எந்த இலையை வர்ஜீனியா என்கிறோம்

செடி நம் சுருட்டுப் புகையிலை, வாய்ப் புகையிலையின் இனம்தான், நிக்கோட்டியானா டபாக்கம். வேறுபடுத்துவது பாடம் செய்யும் முறை. வாய்ப் புகையிலையை வெயிலிலும் கிடங்கிலும் காய வைத்துப் புளிக்க விடுவார்கள். வர்ஜீனியாவை அறைக்குள் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் குழாய் வழியாக வெப்பம் மட்டும் பாய்ச்சுவார்கள். புகை இலையைத் தொடாது. 1839இல் வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில், ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்ற கொல்லர், அணையப்போன தீயில் மரக்கரியைப் போட்டதும் இலை பொன்மஞ்சளாகக் காய்ந்தது என்றும், அதிலிருந்து இந்த முறை வளர்ந்தது என்றும் சொல்வார்கள்.

அறைக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால், வாங்கும்போது இலையே தன் கதையைச் சொல்லிவிடும். வேலை மொத்தம் ஐந்து முதல் ஏழு நாள், மூன்று கட்டமாக நடக்கும்.

முதல் கட்டம் மஞ்சள் ஏற்றுதல். 32 முதல் 38 டிகிரி வெப்பம், நல்ல ஈரம். இலை இன்னும் உயிரோடு இருக்கும். பச்சையம் சிதையும், மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இங்கே அவசரப்பட்டிருந்தால் காய்ந்த இலையில் பச்சைத் திட்டு நிற்கும், புகைத்தால் பச்சைப்புல் கசப்பு வரும். அடுத்தது தாள் காய்ச்சல்; தாள் என்பது நடுநரம்பு நீங்கலான இலைப்பரப்பு. வெப்பத்தை மெல்ல மெல்ல 50, 55 டிகிரிக்கு ஏற்றி மஞ்சளை அப்படியே நிறுத்துவார்கள். ஈரம் போகுமுன் சூட்டை ஏற்றிவிட்டால் இலை வெந்த மாதிரி பழுப்பாகிவிடும். கடைசியாக நரம்பு காய்ச்சல், 70 டிகிரி அளவில். 75ஐத் தாண்டினால் சர்க்கரை கருகிச் செம்புள்ளி விழும். நடுநரம்பு முழுதாகக் காயாமல் அறையைத் திறந்திருந்தால், அந்த ஈரம் பின்னால் தாளுக்குப் பரவி மூட்டையையே கெடுக்கும். வாங்கும்போது நடுநரம்பை வளைத்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்படி முடிந்த நல்ல இலையில் சர்க்கரை 10 முதல் 25 சதவீதம் வரை, நிக்கோட்டின் பெரும்பாலும் 1.5 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும்.

செடியில் எங்கிருந்து பறித்தது

ஒரே செடியில் அடியிலைக்கும் நுனியிலைக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு ஊர் இலைக்குள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. அடியிலை மெல்லியது, மண் ஒட்டியிருக்கும், சீக்கிரம் எரியும், மணம் குறைவு. பாளம் (இலைகளை அழுத்திச் செய்யும் கட்டி) கட்ட லாயக்கில்லை. நடுவயிற்றிலிருந்து வரும் அகல இலை எலுமிச்சை மஞ்சளாக, பட்டுப்போல் இருக்கும். சர்க்கரை அதிகம், வீரியம் நடுத்தரம். பைப்புக்கு முதுகெலும்பு இதுதான். அதற்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் தடித்த இலை. எண்ணெய்ப் பசை தட்டும், நிக்கோட்டின் கூடும். நுனியிலை குறுகலாக, செம்பழுப்பாக இருக்கும். தனியாக வைத்தால் தலை சுற்றவைக்கும், கலவையில் சேர்த்தால் கனம் கொடுக்கும்.

புதிதாகக் கலப்பவருக்கு எங்கள் கணக்கு: எலுமிச்சை மஞ்சள் இலை ஐந்து பங்கு, ஆரஞ்சு நான்கு பங்கு, நுனியிலை ஒரு பங்கு. வெறும் எலுமிச்சை மஞ்சள் கண்ணுக்கு அழகு, நாக்குக்கு அழகில்லை.

இந்தியாவில் வர்ஜீனியா பெரும்பாலும் விளைவது ஆந்திராவிலும் கர்நாடகத்திலும். கோதாவரிப் பக்கம் ஜங்காரெட்டிகூடம் சுற்றிய இறவை மணல்பாங்கு நிலங்களின் இலைக்கு மணத்தில் நல்ல பெயர். மைசூருப் பக்கம் ஹுன்சூர், பெரியபட்டணா இலை வீரியம் குறைந்தது, கலவைக்கு நிரப்பியாக நன்றாக இருக்கும். ஏலம் புகையிலை வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கிறது. பதிவு செய்த வணிகருக்கு மட்டுமே அங்கே இடம்.

உப்பு: இந்த மண்ணில் ஏன் பயிரிடக் கூடாது

“மணல் பூமிதானே, வேதாரண்யத்தில் விளைகிறதே, இங்கேயும் போடலாமே” என்ற கேள்வி அடிக்கடி வரும். வேதாரண்யத்தில் விளைவது வாய்ப் புகையிலை. அதற்கு உப்பு இடைஞ்சல் இல்லை. வர்ஜீனியாவுக்கு உப்பிலுள்ள குளோரைடு விஷம் மாதிரி. மண்ணிலிருந்தும் பாசன நீரிலிருந்தும் அதை இலை உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலையில் குளோரைடு 1.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். 2 சதவீதத்தைத் தாண்டினால் இலை கனலாது. ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் பிசுபிசுப்பாக இருக்கும், கங்கு பாதியில் அணையும், சாம்பல் கறுக்கும். திருப்புல்லாணி, சாயல்குடிப் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு வர்ஜீனியா போட்டால் பார்க்க இலை செழிக்கலாம். எரிக்க முடியாது.

இதே காரணத்தால்தான் வர்ஜீனியா வயலில் பொட்டாசியம் குளோரைடு உரம் போடுவதில்லை. பொட்டாசியம் இலையை நன்றாக எரிய வைக்கும், கூட வரும் குளோரைடு அந்தப் பலனைத் தின்றுவிடும்; அதனால் பொட்டாசியம் சல்பேட் போடுவார்கள். உரக்கடைக்காரர் விலையைப் பார்த்து மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒரு பருவம் போச்சு.

வாங்கப்போகும் இலையில் உப்பு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகம் வேண்டாம். உலர்ந்த இலையின் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். ஓரத்தில் தீ வைத்து, சுடர் எழுந்ததும் ஊதி அணையுங்கள். கங்கு தானாக ஊர்ந்து பரவ வேண்டும். பின்னால் வெள்ளையோ இளஞ்சாம்பலோ நிற்க வேண்டும். இரண்டு மூன்று விநாடியில் அணைந்து கரி நின்றால், ஒன்று இலை ஈரம், இல்லையென்றால் உப்பு. அதே இலையை நன்றாக உலர்த்தி மறுபடி பாருங்கள். அப்போதும் அணைந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். உப்பை எடுக்க வழியே இல்லை; கழுவினால் சர்க்கரையும் மணமும் முதலில் போகும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

நடுநரம்பு படக்கென்று முறிய வேண்டும், தாள் முறியாமல் வளைய வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் காய்ச்சலும் பதமும் சரி. தாளும் நொறுங்கினால் பயமில்லை, ஈரம் ஏற்றிக்கொள்ளலாம். நரம்பு வளைந்தால் வாங்க வேண்டாம். முண்டு மிளகாய் வற்றலைக் காதருகே குலுக்கி விதைச் சத்தம் கேட்டு வாங்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கைப்பதம் சொல்லித்தர வேண்டியதில்லை.

மணம்: உலர்ந்த வைக்கோல், இனிப்பு ரொட்டி, லேசான புளிப்பு இருக்கலாம். ஈரச்சாக்கு நெடி அடித்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது. அம்மோனியா நெடி அடித்தால் அது வர்ஜீனியாவே இல்லை, சுருட்டு இலையைக் கலந்திருக்கிறார்கள். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் தவிட்டுத்தூளும் தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் புகையிலை வண்டு.

புதுப் பருவத்து இலையை விட ஓர் ஆண்டு கிடந்த இலை மேல். புது இலையின் காரம் அடங்கியிருக்கும்.

கருவிகள்

இரண்டை விட முடியாது. ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் தராசு. இன்னொன்று டிஜிட்டல் ஈரப்பதமானி. மலிவான ஈரப்பதமானி ஐந்து, பத்துப் புள்ளி தவறாகக் காட்டும், அதனால் வாங்கிய அன்றே சரிபாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் பாக்கெட் உப்பைப் போட்டு, ஈரமணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் கருவியையும் ஒரே ஜிப் பையில் வைத்து எட்டு மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். உப்பளத்துக் கல்லுப்பு இந்தச் சோதனைக்கு ஆகாது. அதிலுள்ள மெக்னீசியம் உப்புகள் அளவைக் கீழே இழுத்துவிடும்.

பிறகு கண்ணாடி ஜாடிகள், பூ மரத்துக்குத் தெளிக்கும் கைத் தெளிப்பான், கையுறை, பலகையும் அதைத் திருகி இறுக்கும் இரும்புக் கிடுக்கியும், கூரான கத்தி. இவ்வளவு போதும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம், எடுத்தால் திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.

முதல் படி: இலையில் எவ்வளவு ஈரம் என்று அறிதல்

தோராயம் போதாது. இலையில் பத்து கிராம் நறுக்கி, 100 டிகிரியில் மூன்று மணி நேரம் மின்சார ஓவனில் வைத்து மறுபடி எடை போடுங்கள். 8.8 கிராம் நின்றால் ஈரம் 12 சதவீதம். நரம்பு எடுக்கவும் பாளம் கட்டவும் 18 வேண்டும். புகைக்க 12 முதல் 14. ஆண்டுக்கணக்கில் வைக்க 13 முதல் 15.

ஏற்ற வேண்டிய தண்ணீருக்குக் கணக்கு: 500 கிராம் இலை, ஈரம் 12 என்றால் உலர்பொருள் 440 கிராம். 18 சதவீத ஈரத்தில் 440 என்பது மொத்தத்தில் 82 பங்கு. 440ஐ 0.82ஆல் வகுத்தால் 537. ஆக 37 மில்லி தண்ணீர். ஒரு டம்ளர் தெளிப்பவர்கள்தான் நான்காம் நாள் பூஞ்சை என்று புலம்புவார்கள்.

இரண்டாம் படி: ஈரம் ஏற்றுதல்

தண்ணீர் மழைநீராகவோ, கேனில் வரும் சுத்திகரித்த நீராகவோ இருக்கட்டும். ஆழ்குழாய்த் தண்ணீரைத் தெளித்தால், ஆந்திரா விவசாயி தள்ளி வைத்த குளோரைடை நாமே காசு கொடுக்காமல் ஏற்றுகிறோம். இலையைப் பிளாஸ்டிக் தாளில் பரப்பி, பாதித் தண்ணீரைப் பனிபோலத் தெளித்து, புரட்டி, மீதியைத் தெளித்து, பெரிய பையில் கட்டிப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒரு முறை புரட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் தெளிக்கவே வேண்டாம். வீட்டுக்குள் கொடியில் ஓர் இரவு தொங்கவிட்டால் காற்றே பதமாக்கிவிடும். மாடியிலோ கடல் பார்த்த திண்ணையிலோ மட்டும் தொங்கவிட வேண்டாம். கடற்காற்றில் வரும் உப்புத்துகள் இலையில் படிந்தால், பிறகு அது காற்றிலிருந்து தானே நீர் இழுத்து இலை மேல் பிசுக்காக நிற்கும்.

ஈர இலையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நிக்கோட்டின் தோல் வழியாக ஏறி, தலைச்சுற்றல், வாந்தி வரும். புகையிலை அறுவடை செய்வோருக்கு வரும் அதே நோய். இலை ஊறிய தண்ணீரை ஊருணியில் ஊற்றுவதும் ஆடு மேயும் இடத்தில் கொட்டுவதும் கொடுமை. மீன், ஆடு இரண்டுக்கும் அது நஞ்சு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.

மூன்றாம் படி: நரம்பு எடுத்தல்

இலையின் அடிப்பக்கம் மேலே இருக்கட்டும். நுனியிலிருந்து கால்பங்கு தள்ளி நடுநரம்பைப் பிடித்து, காம்பை நோக்கி உரித்தால் ஒரே இழுப்பில் வரும். இலை கிழிந்தால் ஈரம் போதவில்லை. எடையில் கால்பங்கு நரம்பாகப் போகும். 500 கிராமில் ஏறத்தாழ 375 கிராம் தாள் நிற்கும். நரம்பை வீணாக்க வேண்டாமே என்று நறுக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அது ஒரு மாதிரியாகவும் தாள் வேறு மாதிரியாகவும் எரியும், புகை கரகரக்கும். குப்பையில் போடுங்கள்.

நான்காம் படி: பாளம் கட்டுதல்

இங்கேதான் வர்ஜீனியா வர்ஜீனியாவாகிறது. உதிரியாக வெட்டிய இலை சீக்கிரம் எரிந்து சூடேறும். அழுத்திப் பாளமாக்கினால் இலைகள் ஒன்றோடொன்று சாறு கலந்து, எரியும் வேகம் குறைந்து, காரம் மடங்கும்.

12 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி, தேக்கில் அல்லது துருப்பிடிக்காத எஃகில். வேப்பமரம் வேண்டாம், கசப்பு ஏறும். உள்ளே உணவுக்கு ஆகும் பிளாஸ்டிக் தாள் விரித்து, தாள்களை ஒரே திசையில் அடுக்குங்கள். ஆரஞ்சும் எலுமிச்சையும் மாறி மாறி வரட்டும், நுனியிலை நடுவில். மேலே பலகை வைத்துக் கிடுக்கியால் கைபலம் முழுதும் போட்டு இறுக்கி, ஒரு மணி கழித்து மறுபடி, மறுநாள் மறுபடி இறுக்குங்கள். 375 கிராம் தாள் மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்கு வந்தால் சரி. ஓரத்தில் சாறு கசிந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், உடனே பிரித்து ஆற விட வேண்டும்.

மூன்று வாரம் அழுத்தத்திலேயே இருக்கட்டும். வாரம் ஒரு முறை பெட்டியை மோந்து பாருங்கள். முதல் வாரம் புல், இரண்டாம் வாரம் லேசான புளிப்பு, மூன்றாம் வாரம் இனிப்புத் தலைதூக்கும். ஈரச்சாக்கு நெடி எந்த வாரம் வந்தாலும் அந்தப் பாளம் முடிந்தது.

கருப்பட்டிப் பாகு தெளிக்கலாமா? வாய்ப் புகையிலைக்குத் தெளிக்கும் வழக்கத்தால் சாயல்குடி, கன்னிராஜபுரம் பக்கம் இந்தக் கேள்வி நிச்சயம் எழும். வேண்டாம். வர்ஜீனியாவில் இருக்கும் சர்க்கரையே இந்தக் காற்றுக்கு அதிகம். பாகு மேலும் நீர் இழுக்கும், எரியும்போது கருகிப் பைப் சுவரில் கோந்தாக ஒட்டும். காற்றில் உலர்த்தும் இன்னொரு வகையான, சர்க்கரையே இல்லாத பர்லி இலைக்கு அது பொருந்தும். அங்கேயும் நூறு கிராமுக்கு ஐந்து கிராமுக்கு மேல் போகக் கூடாது.

அவசரக்காரருக்கு ஒரு குறுக்கு வழி: வேக வைத்தல். அழுத்துவதற்கு முன், தாள்களைக் கண்ணாடி ஜாடியில் தளர்வாக அடைத்து, மூடியை இறுக்காமல், இதற்கென்றே ஒதுக்கிய பழைய இட்லிக் குண்டானில் ஆவியில் மூன்று மணி நேரம் வையுங்கள். மஞ்சள் பழுப்பாகும், பச்சைப்புல் வாசனை போய்விடும், நாக்கெரிச்சல் நன்றாகக் குறையும். கூடவே எலுமிச்சை மணமும் போகும். திறந்த வெளியில் செய்யுங்கள். அந்த ஆவியைச் சுவாசிப்பது நல்லதல்ல.

ஐந்தாம் படி: சீவுதல், ஆற வைத்தல்

அழுத்தம் எடுத்த பாளத்தை ஒரு நாள் ஆற விட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தகடாகச் சீவுங்கள். தடித்தால் உதிர்க்கக் கை வலிக்கும். நொறுங்கினால் பாளம் உலர்ந்துவிட்டது. உள்ளே வழுக்கினால் ஈரம் மிச்சம். தகடுகளை ஈரப்பதமானியோடு ஒரு மூடிய டப்பாவில் வைத்து ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 முதல் 65க்குள் நின்றால் ஜாடிக்குப் போகலாம். 70க்கு மேல் என்றால் கண்டிப்பாக உலர்த்த வேண்டும்.

ஈரக்காற்றில் உலர்த்தும் வழி

கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் பிற்பகலில் கருவியைப் பாருங்கள். அறைக்குள் 60க்குக் கீழே இறங்கும் வேளையில் தட்டில் பரப்பி வைத்தால் அரைமணி, ஒரு மணியில் வேலை முடியும். கீழ்காற்றான கொண்டல் வீசும்போதும் வாடைக்காலத்திலும் காற்றை நம்பிப் பயனில்லை. அப்போது காற்றைச் சூடாக்குவதுதான் உபாயம். 28 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றை 38 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதே காற்றின் ஈரப்பதம் 50க்கு அருகே இறங்கிவிடும். குண்டு பல்பு ஒன்றை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, கீழே காகிதத் தட்டில் ஒரு பைப்புக்கான மூன்று கிராமைப் பரப்புங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடை பாருங்கள். 3.0 கிராம் 2.8 ஆனால் ஈரம் 18லிருந்து 12க்கு வந்துவிட்டது. ஏசி அறை இருப்பவருக்கு அது இன்னும் சுலபம்.

நேர் வெயில் வேண்டாம். பத்து நிமிடத்தில் மணம் பறந்துவிடும். மிளகாய் காயும் களத்துப் பக்கமும் கொண்டுபோக வேண்டாம், நெடி அப்படியே ஏறிக்கொள்ளும்.

பைப்பில் வைத்தல்

உள்விட்டம் 18 முதல் 20 மில்லிமீட்டர் உள்ள, ஆழமான, குறுகிய கிண்ணம் இந்த இலைக்குத் தோது. தகட்டை உதிர்த்து மூன்று தடவையாக நிரப்புங்கள்: அடியில் தளர்வாக, நடுவில் கொஞ்சம் இறுக்கமாக, மேலே அதைவிட. ஊதாமல் இழுத்துப் பார்த்தால் உறிஞ்சுகுழல் போல லேசான தடை தெரிய வேண்டும். ஒரு முறை தீ வைத்து மேலே கரியாக்கி, அமுக்கி, மறுபடி தீ.

மெதுவாக, நிமிடத்துக்கு ஓரிரு இழுப்பு. கிண்ணத்தைக் கன்னத்தில் வைக்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும். நாக்கெரிச்சலில் பெரும்பங்கு ஈர இலையின் நீராவியாலும் அவசர இழுப்பாலும் வருவது. இலையைப் பழிப்பதற்கு முன் இரண்டையும் சரிசெய்து பாருங்கள். திறந்த கரையில், படகில், பாலத்தில் நின்று பிடித்தால் காற்றே உலை ஊதிவிடும், வர்ஜீனியா அங்கே உதவாது.

அப்படியும் காரம் அடங்காதவர்கள் பர்லியை ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கும் பெரிக் இலை கிடைத்தால் நூற்றுக்கு ஐந்து, அதிகம் போனால் பத்து. மிளகும் அத்திப்பழமும் கலந்த மணம் வரும். அது தனியாகப் பிடிக்கிற இலை இல்லை.

பைப்பைக் கழுவ வேண்டாம், துடைகம்பியால் சாற்றை எடுத்து, தண்டைக் கழற்றி வையுங்கள். உலர்ந்த ஊரில் ஒரு நாள் ஓய்வு போதும். இங்கே மூன்று நாள் விட்டால்தான் மரம் உலரும். ஆக மாற்றிப் பிடிக்க இரண்டு மூன்று பைப் தேவைப்படும்.

வைத்துக் காத்தல்

டின் புகையிலையைப் பல ஆண்டு கிடப்பில் போடுவது குளிர்நாட்டு வழக்கம். கடலோரத்தில் டின்னின் மடிப்பில் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழும்; காற்று போய்விட்ட டின்னைத் திறந்தால் உள்ளே சருகு, அல்லது பூஞ்சை. வந்த கையோடு கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள். ஜாடிக்குக் கண்ணாடி மூடியும் ரப்பர் வளையமும் மேல், தகர மூடி இரண்டே மழைக்காலத்தில் அரித்துவிடும். ஊறுகாய்ப் பீங்கான் ஜாடி காற்றை அடைக்காது. பனை ஓலைப் பெட்டி அழகுதான், அதில் இலை சுவாசித்துக்கொண்டே இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

கழுத்துவரை நிரப்பி, தேதி எழுதி, இருட்டில், தரைமட்டத்து அலமாரியில் வையுங்கள். சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் பரண் மேல் போட்டால் பகலில் வெந்து, இரவில் மூடியின் உள்பக்கம் வியர்க்கும். அந்தத் துளிகள் சொட்டும் இடத்தில் முதல் பூஞ்சை கிளம்பும். கருவாடு, மிளகாய், மசாலா இருக்கும் அறை வேண்டவே வேண்டாம்.

ஆறு மாதத்தில் மாற்றம் தெரியும். ஓராண்டில் காரம் நன்றாகத் தணியும். ஐந்தாண்டில் நிறம் இருண்டு, சர்க்கரை குறைந்து, பழச்சுவை மேலோங்கும். அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. சிறு ஜாடிகளில் ஐம்பது ஐம்பது கிராமாகப் பிரித்துவிட்டால் அந்த ஆசை பெரிய இருப்பைக் கெடுக்காது.

கெட்டதா, கெடவில்லையா

பழைய இலைமேல் வெள்ளையாக மின்னுவதெல்லாம் பூஞ்சை இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பளபளத்து, தட்டையாக, இலையோடு ஒட்டியிருந்தால் அது உள்ளிருந்து வெளிவந்து படிந்த பளிங்கு, நல்ல அறிகுறி. பஞ்சுபோல எழும்பி, நூல்விட்டு, மோந்தால் பழைய சாக்கு நெடி அடித்தால் பூஞ்சை. அப்போது அந்தத் தகட்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் ஜாடி முழுக்கப் பரவியிருக்கும், தீயில் போய்விடும் என்று நினைத்து அதைப் புகைக்கவும் கூடாது. ஜாடியைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

வண்டு விஷயம் வேறு. குளிர்நாட்டில் பனிக்காலம் அதை அடக்கும், இங்கே வருடம் முழுக்க அதற்குப் பருவம். முட்டை கண்ணில் படாது. அதனால் புதிதாக வாங்கிய ஒவ்வொரு இலையையும், நன்றாக இருந்தாலும், காற்றுப்புகாத பையில் இரண்டு சுற்றுச் சுற்றி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஏழு நாள் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், பிறகு அரை நாள் அறையில் வைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கடலோரக் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த இலைமேல் நீராகப் படிந்துவிடும். ஏற்கெனவே ஓட்டை விழுந்த இலை இருந்தால் அந்த ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த ஜாடிகளையும் சேர்த்தே உறைபெட்டிக்கு அனுப்புங்கள், அலமாரி இடுக்குகளைத் தூரிகையால் கூட்டி எடுங்கள். தவிடு, பழைய மசாலாப் பொட்டலம், உலர்ந்த மல்லி எதிலும் அது குடியிருக்கும்.